மைக் பிடிப்பவளின் விடுப்பு

வெயில் ஏறுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். மார்ச் மாதத்தில் எங்கள் சாலை விடியற்காலையில் கல்லாக உறைந்திருக்கும். கொஞ்சம் சூடு பட்டால் கூழாகிவிடும். அதனால் ஊர்க் கூட்டத்துக்கு நாங்கள் மிக முன்னதாகவே புறப்பட்டோம். நான் பிக்கப் வண்டியை ஓட்டினேன். பக்கத்தில் என் தங்கை கொலெட் முழங்காலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

"சத்தமாத்தான் படியேன்," என்றேன்.

"உன் முன்னாடி படிச்சா வராது. நீ முகத்தைச் சுளிப்பே."

"நான் எங்கே சுளிக்கிறேன்?"

"இதோ, இப்ப."

சுளித்திருப்பேன். நான் ஓட்டும்போது சுளித்திருந்தால் அது பள்ளத்தைப் பார்த்துத்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் மறுபடி தாளுக்குள் போய்விட்டாள்.

ஊர்க் கூட்டம் என்பது வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் கூடி ஊர்ச் செலவுகளை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் கூட்டம். மற்ற வருடங்களில் அது நடக்கும் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுமுறை. இந்தக் குளிர்காலத்தில் பனிப்புயலால் பள்ளி பல நாட்கள் மூடிக் கிடந்தது. இழந்த நாட்களை ஈடுகட்ட நிர்வாகம் இந்தச் செவ்வாயைப் பறித்துக்கொண்டது. பதிலாக, விருப்பமுள்ள மாணவர்கள் 'குடிமை விடுப்பு' எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம் என்று அறிவித்தது. ஆனால் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் அது விடுப்பு ஆகாது. கூட்டத்தில் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும், கடைசி வரை இருக்க வேண்டும், கூட வரும் ஆசிரியர் அதை உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அது சொல்லாமல் எடுத்த விடுப்பாகக் கணக்கில் ஏறும்.

மற்றப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கொலெட்டுக்கு அப்படி இல்லை. அவள் பள்ளி நேரத்தில் பாதியைத் தொழிற்கல்வி மையத்தில், செவிலியர் உதவியாளர் வகுப்பில் கழிக்கிறாள். அங்கே இடம் கிடைப்பதே கஷ்டம். சொல்லாமல் எடுத்த விடுப்பு ஓர் அளவைத் தாண்டினால் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன இலையுதிர் காலத்தில் அப்பா வைக்கோல் பரணிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, பசுக்களைப் பார்க்க இவள்தான் வீட்டில் நின்றாள். அந்தக் களேபரத்தில் பள்ளிக்கு போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அதோடு அவள் அந்த அளவின் விளிம்புக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு நாள் அப்படிப் பதிவானால் அவளுடைய இடம் போய்விடும்.

அப்படியென்றால் பேசாமல் வகுப்புக்குப் போயிருக்கலாமே என்று நான் நேற்றே கேட்டேன்.

"வேன் போச்சுன்னா அடுத்த வருஷம் எந்த வகுப்புக்குப் போவேன்?" என்றாள்.

அதுவும் சரிதான். வகுப்பு முடிந்த பிறகு அந்த மாணவர்கள் முதியோர் இல்லத்தில் பயிற்சி நேரம் முடிக்க வேண்டும். அதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவருவது ஊர்ப் பணத்தில் ஓடும் ஒரு சின்ன வேன். இதுவரை அது பொது வரவுசெலவுக்குள்ளேயே இருந்தது. இந்த வருடம் ஊர்க் குழு அதை வெளியே எடுத்து, பதினான்காம் தீர்மானமாகத் தனி ஓட்டுக்கு வைத்துவிட்டது. நான் படித்த காலத்தில் அந்த வேன் கிடையாது. நான் பள்ளியைப் பாதியில் விட்டதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அதுவும் ஒரு காரணம். இப்போது மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போய், விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்ட மண்டபத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் கொலெட் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என் கிளாஸ் சீட் போற விஷயம் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"யார்கிட்ட நான் சொல்லப் போறேன்?"

"யார்கிட்டயும். ஐயோ பாவம்னு போடற ஓட்டு எனக்கு வேணாம். வேன் நாலு பேருக்குத் தேவை. அதைத்தான் பேசணும். சத்தியம் பண்ணு."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சத்தியத்தில் சேருமா என்று அப்போது யோசிக்கவில்லை.

உள்ளே காபி வாசனையும் ஈரக் காலணி வாசனையும் கலந்திருந்தன. மேடையில் கூட்டத் தலைவர் வெர்னா சாட்போர்ன் மரச் சுத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் அவர் ஊரில் தீவனக் கடை நடத்துகிறார்; மூட்டைக்குப் பின்னாலிருந்து பேசிப் பேசி அவர் குரல் எப்போதும் கொஞ்சம் உயரமாகவே இருக்கும். வலது பக்கச் சுவரோரம் மஞ்சள் கயிறு கட்டி, ஓட்டு இல்லாதவர்களுக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் சமூகவியல் ஆசிரியர் ப்ரூயிட், மடியில் ஃபிளாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தார். பள்ளியிலிருந்து வந்த மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. கொலெட்டின் விடுப்புக் கணக்கும் அவருக்குத் தெரியும். அவர் பக்கத்து ஊர்க்காரர்.

கொலெட் நேராக வெர்னாவிடம் போனாள். நான் பின்னால் நின்றேன்.

"பதினாலாம் தீர்மானம் வர்றப்ப நான் பேசணும். பேச அனுமதி கேக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

"சபைகிட்ட," என்றார் வெர்னா. "உனக்கு ஓட்டு இல்ல. மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னா பேசலாம். ஆனா உன் பேரை நான் மைக்குக்குப் போட்டிருக்கேனே. பேசறவங்க கிட்ட எல்லாம் மைக்கை எடுத்துட்டுப் போகணும்."

"ரெண்டும் பண்றேன்."

"அது முடியாது, கண்ணு. மைக் பிடிக்கிற கைக்கு வாய் கிடையாது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு பேருக்கும் நீ பிடிக்கணும். ஒண்ணு மைக், இல்ல வாய். எது வேணும், சொல்லு."

கொலெட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ப்ரூயிட்டைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து, கயிற்றைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் நீட்டினார்.

"மைக்கை எடுத்துக்கோ, கொலெட். பேச அனுமதி கேட்டு, அவங்க குடுக்கலேன்னு வை. நீ சும்மா உக்காந்திருந்த மாதிரி ஆயிடும். நான் என்னன்னு கையெழுத்துப் போடறது? சமையல்கட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க. வேற வேலையும் இல்ல."

அவள் தாளை நான்காக மடித்தாள். பிறகு திரும்பி அதை என் கையில் வைத்தாள்.

"அப்ப நீ பேசு."

"நானா?"

"உனக்கு ஓட்டு இருக்குல்ல?"

"ஓட்டு இருக்கு. குரல்தான் இல்ல. உனக்கே தெரியும்."

"ரெமி, படிச்சா போதும் டா. எழுதியே வெச்சிருக்கேன்."

கூட்டம் தொடங்கியது. முதல் பதின்மூன்று தீர்மானங்கள் என்னென்ன என்று கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வழக்கமாக எல்லாவற்றையும் வரிசையாக நினைவில் வைப்பவன் நான். அன்று அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அதிலுள்ள எழுத்துகள் எல்லாம் எனக்குப் படங்களாகிவிட்டன. கொலெட் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாள். யார் கை தூக்கினாலும் பெஞ்சுகளுக்கிடையில் சந்து கண்டுபிடித்துப் போய், மைக்கை அவர்கள் வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டால் நேரமாகும் என்பதால் மைக் எப்போதும் போட்டபடியே இருந்தது.

ஊர்க்காரர்கள் அவசரத்தில் இருந்தார்கள். வெளியே வெயில் அடித்தது. பாகு காய்ச்சுவதற்காக மேப்பிள் மரங்களில் கட்டியிருந்த வாளிகளில் சாறு இறங்கத் தொடங்கியிருந்தது. பாதிப் பேர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் வாளியெல்லாம் வழிஞ்சு ஓடுது, நீங்க கல்லறை வேலிக்குப் பெயின்டு பாத்துக்கிட்டிருக்கீங்க," என்று ஓரின் பிளம்லி கத்தியதும் எல்லோரும் சிரித்தார்கள். ஓரினுக்கு அறுபது வயதிருக்கும். எங்களுக்கு அடுத்த மலையில் பெரிய மேப்பிள் தோப்பு வைத்திருக்கிறார். எந்தச் செலவுத் தீர்மானம் வந்தாலும் எழுந்திருப்பார்.

பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் 'ஆப்பிள் பை' என்ற இனிப்புமாக மதியச் சாப்பாடு முடிந்தது. நான் இனிப்பை மட்டும் தின்றேன். பிறகு வெர்னா பதினான்காம் தீர்மானத்தை வாசித்தார்.

நான் கை தூக்கினேன். எவ்வளவு உயரம் தூக்கினேன் என்று தெரியவில்லை. வெர்னா என்னைத் தாண்டி இரண்டு முறை பார்த்தார். கடைசியில் கொலெட் தானே வந்து என் முன்னால் நின்றாள்.

"ரெமி திபடோ," என்றேன். "தலைவரம்மா, இந்த வேன்..." தாளைப் பார்த்தேன். முதல் வரி தெரிந்தது, இரண்டாவது வரி தெரியவில்லை. "இந்த வேன் நாலு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருது. அவங்க முதியோர் இல்லத்துல வேலை கத்துக்கறாங்க. அது இல்லேன்னா அவங்களால படிக்க முடியாது. அவ்வளவுதான்."

அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். நான் மூன்று வரியில் முடித்துவிட்டேன். மைக் முன்னால் இருக்கும்போது கொலெட்டால் என்னைத் திட்டவும் முடியாது. அவள் பார்வையே போதுமாக இருந்தது.

அடுத்து ஓரின். அவள் அவரிடம் போனாள்.

"பிள்ளைங்க படிக்கறதுக்கு நான் விரோதி இல்ல. ஆனா எங்க சாலைக்கு அடியில ஓடைத் தண்ணி போற குழாய் இடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. கேட்டா பணம் இல்லேங்கறாங்க. நாலு பிள்ளைக்கு ஒரு வண்டி இருக்கு, நாப்பது வீட்டுக்கு ஒரு குழாய் இல்ல. இதுதான் என் கேள்வி."

அது நியாயமான கேள்விதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சில பேர் தலையாட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் வேனுக்கு ஆதரவாகப் பேசினார்கள், ஒருவர் எதிராக. பிறகு யாரோ, "ஓட்டுக்கு விடுங்க, வெர்னா, மரம் காத்திருக்கு!" என்றார்கள்.

வெர்னா நிமிர்ந்தார். "ஏற்போர் 'ஆம்' என்க."

மண்டபம் 'ஆம்' என்றது. அந்தச் சத்தத்தின் மேல், நான்கு மூலையிலுமிருந்த ஸ்பீக்கர்களிலும் ஒரே நேரத்தில், ஒரு பெண் குரல் "ஆம்!" என்றது. கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

கொலெட் மண்டபத்தின் நடுவில், மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி, கல்லாக நின்றாள்.

சிரிப்பு வெடித்தது. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வெர்னா சுத்தியால் தட்டினார், சிரிப்பு அடங்கவில்லை. நான் சிரிக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ப்ரூயிட்டும் சிரிக்கவில்லை. அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவரம்மா!" ஓரின் எழுந்து நின்றார். "அது யாரு கத்தினது? ஓட்டே இல்லாத பொண்ணு! அதுவும் ஸ்பீக்கர்ல!"

"கொலெட்," என்றார் வெர்னா. "நீயா சொன்னே?"

மைக் சரிபார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"ஆமா, நான்தான்," என்றாள். அதுவும் ஸ்பீக்கரில் ஒலித்தது. அவள் திடுக்கிட்டு மைக்கைக் கீழே இறக்கினாள். "தானா வந்துடுச்சு. மன்னிச்சுக்கங்க."

"சரி. இந்தக் குரல் ஓட்டு செல்லாது. எல்லாரும் எழுந்து நின்னு எண்ணிக்கையில பாத்துடலாம். கொலெட், இனிமே பேசறவங்க வாய் முன்னாடி போனதும் போடு, முடிஞ்சதும் அணைச்சுடு."

"அதோட விட முடியாது," என்றார் ஓரின். உட்காரவில்லை. "பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தப் பசங்க உள்ள இருக்கறப்ப ஓட்டு எடுத்தா, யார் நின்னாங்க யார் நிக்கலேன்னு எப்படித் தெரியும்? ஸ்கூல்ல இருக்க வேண்டிய நாள்ல இங்க என்ன வேலை? மைக் பிடிச்ச பொண்ணை வெளிய அனுப்பணும்னு தீர்மானம் கொண்டு வரேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "வழிமொழியறேன்," என்றார்.

நான் ப்ரூயிட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்தார். புரிந்துவிட்டது. ஊர் அவளை வெளியே அனுப்பினால் அவள் வேலையை முடிக்கவில்லை என்றாகிவிடும். விடுப்பு செல்லாது. அந்த நாள் கணக்கில் ஏறும். இடம் போகும்.

"விவாதம் உண்டா?" என்றார் வெர்னா.

கைகள் உயர்ந்தன. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. விவாதம் என்றால் மைக் வேண்டும். மைக் கொலெட்டிடம் இருந்தது. அவளை வெளியே அனுப்பலாமா வேண்டாமா என்று பேசப் போகிற ஒவ்வொருவரிடமும் அவள்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

அவள் போனாள். முதலில் ஓரினிடம். மைக்கைப் போட்டாள், அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள், அவர் தோளுக்கு அப்பால் சுவரில் எதையோ பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு 'ஆம்'. விட்டா அடுத்த வருஷம் ஸ்கூலே திரண்டு வந்து கத்தும்," என்றார் ஓரின். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவளைப் பார்த்தே, "பதினெட்டு ஆனதும் வந்து கத்து, பாப்பா. நான் காதைப் பொத்திக்கறேன்," என்றார். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

அணைத்தாள். அடுத்த வரிசைக்குப் போனாள். மறுபடி போட்டாள்.

"தபால்காரி மேரியன் நான்," என்றார் அங்கிருந்த பெண். "வாய் தவறிச் சொல்லிடுச்சு, கேட்டதும் ஒத்துக்கிச்சு. இங்க இருக்கற பெரியவங்க எத்தனை பேர் ஒத்துக்குவீங்க? ஓரின், போன வருஷம் ஆப்பிள் பையை ரெண்டு தடவை எடுத்துத் தின்னது யாரு?"

சிரிப்பு. ஓரின் கையை உதறினார்.

பின் பெஞ்சில் வழிமொழிந்த பெண்ணிடம் போனாள். "எனக்கு ரூல்னா ரூல்தான்," என்றார் அவர். "என் பையன் இன்னிக்கு ஸ்கூல்ல உக்காந்திருக்கான். அவனுக்கு மட்டும் கூட்டம் பாக்க ஆசை இல்லையா?" கொலெட் அவருக்கும் கடைசி வார்த்தை வரை பிடித்துவிட்டுத்தான் அணைத்தாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ப்ரூயிட் கை தூக்கினார். நான் மூச்சு விட்டேன். அவர் சொன்னால் என் சத்தியம் உடையாது.

"ப்ரூயிட் சார் பக்கத்து ஊர்," என்றார் வெர்னா. "சபையோட அனுமதி வேணும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"உண்டு!" என்று மூன்று நான்கு குரல்கள் வந்தன. ஒரு குரல், "போன வருஷம் ரெண்டே நிமிஷம்னு ஆரம்பிச்சு ரோமாபுரி வரைக்கும் போயிட்டு வந்தார்!" என்றது.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்தது. ப்ரூயிட் பாதி எழுந்த நிலையிலிருந்து மெல்ல உட்கார்ந்தார். விஷயம் தெரிந்து, பேசவும் உரிமை உள்ளவன் அந்த மண்டபத்தில் இனி நான் ஒருவன்தான்.

நான் கை தூக்கினேன். இந்த முறை வெர்னா உடனே பார்த்தார்.

கொலெட் வந்தாள். அவள் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. மைக்கைப் போட்டு என் முன்னால் நீட்டினாள். கண்ணால் 'வேண்டாம்' என்றாள். நான் அதைப் பார்க்காத மாதிரி முன்வரிசை ஆள் ஒருவரின் தொப்பியைப் பார்த்தேன்.

"தலைவரம்மா, நீங்க எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இவளை வெளிய அனுப்பினா..."

என் குரல் நின்றுவிட்டது. உதடு அசைந்துகொண்டிருந்தது, ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. அவளுடைய கட்டைவிரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. மைக் என் வாய்க்கு நேராக, அங்குலம் பிசகாமல் நீட்டியபடி இருந்தது.

"கேக்கல!" என்றது பின்னால் ஒரு குரல்.

"சத்தமா பேசுப்பா ரெமி!"

"மைக்குக்கும் வாய் போயிடுச்சா?"

அவள் அணைத்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓட்டே தேவைப்பட்டிருக்காது. வெர்னாவே அவளை அனுப்பியிருப்பார். நான் கத்தியிருக்கலாம். அந்த மண்டபம் அவ்வளவு பெரியது இல்லை. கத்தினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். 'அவளுக்கு இதனால் படிப்பே போய்விடும்' என்பது சின்ன வாக்கியம். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அதில் பயம் இருந்தது. என்னைப் பார்த்து வந்த பயமா, ஓட்டை நினைத்து வந்ததா, எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஓட்டு இருக்கு," என்றேன், மைக் இல்லாமல். தொண்டை கிழிந்த மாதிரி ஒலித்தது. "நானும் 'ஆம்' சொன்னேன். நான் சொன்னது என் பக்கத்துல இருக்கறவருக்கே கேக்கல. இவ சொன்னது செல்லாது, சரி. அதை எடுத்துடுங்க. ஆனா காலையிலிருந்து நம்ம எல்லாரும் பேசினது நாலு பேருக்குக் கேட்டுதுன்னா, அது இவ ஓடி ஓடிப் பிடிச்சதாலதான். இவளுக்கு எதிரா பேசினவங்களுக்கும் பிடிச்சா. அவ்வளவுதான்."

"இப்பவும் கேக்கல, ரெமி!" என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் சிரித்தது. அது நல்ல சிரிப்பா என்று என்னால் கணிக்க முடியவில்லை. நான் உட்கார்ந்தேன். கொலெட் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்து, மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஓட்டுக்கு விடறேன்," என்றார் வெர்னா. "மைக் பிடிக்கும் பொண்ணு வெளியேறணும்கறது தீர்மானம். ஏற்போர் 'ஆம்' என்க."

ஆம் என்று சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சொன்னார்கள்.

"மறுப்போர் 'இல்லை' என்க."

'இல்லை' வந்தது. அதில் ஒரு குரல் என்னுடையது. கூரை அதிர்ந்ததா, என் மண்டைக்குள்தான் அதிர்ந்ததா, சொல்லத் தெரியாது. வெர்னா ஓரினைப் பார்த்தார். எண்ணச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவர் ஜன்னலைப் பார்த்தார். மரங்களில் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"விடுங்க," என்றார். "இல்லைதான் ஜெயிச்சுது. எனக்கே கேட்டுது."

சுத்தி விழுந்தது. ப்ரூயிட் ஃபிளாஸ்க்கை பெஞ்சில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

பிறகு வேன். ஆதரவாளர்கள் எழுந்து நின்றோம். ஊர்ச் செயலர் வரிசை வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். அவர் விரல் என்னைக் கடக்கும்போது நான் நேராக நிற்கிறேனா என்று சந்தேகம் வந்து இன்னும் நிமிர்ந்தேன். உட்கார்ந்தோம். எதிர்த்தவர்கள் நின்றார்கள். நானும் எண்ணிப் பார்த்தேன். நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அதற்குள் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கொலெட் மண்டபத்தின் நடுவே, அணைத்த மைக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி நின்றாள்.

"ஆம், ஐம்பத்தெட்டு. இல்லை, ஐம்பத்து மூணு. தீர்மானம் நிறைவேறுது," என்றார் வெர்னா. "பதினைஞ்சு. மணல் கொட்டகைக் கூரை. யார் பேசறீங்க?"

ஓரின்தான் கை தூக்கினார். கொலெட் அவரிடம் போனாள்.

கூட்டம் முடிந்ததும் ப்ரூயிட் அவளுடைய விடுப்புப் படிவத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன எழுதறீங்க?" என்றாள் கொலெட்.

"கூட்டம் முடியற வரைக்கும் மைக் பிடிச்சான்னு."

"நடுவுல நடந்தது?"

"அது ஊர் முடிவு பண்ண விஷயம். ஊர் இருன்னு சொல்லிச்சு, நீ இருந்தே." கையெழுத்துப் போட்டார். "ஸ்கூல் துணை முதல்வர் கேட்டா நானே போய் சொல்லிக்கறேன். அங்க பேச எனக்கு யார் அனுமதியும் வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரோமாபுரி இல்லப்பா. கிரேக்கம். அதுகூட சரியா ஞாபகம் இல்ல இவங்களுக்கு."

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். நான் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. அவள் கையுறையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்ல வந்தே," என்றாள்.

"ஆமா."

"சத்தியம் பண்ணினே."

"தலையாட்டினேன்."

"அது சத்தியம்தான் டா." மாட்டிய கையுறையை மறுபடி கழற்றினாள். "நான் அணைச்ச அப்புறம் கத்திச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

சத்தியத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்றோ உனக்காகத்தான் என்றோ சொன்னால் நன்றாக இருந்திருக்கும். இரண்டில் எது என்று எனக்கே நிச்சயமில்லை. ஒருவேளை இரண்டுமே இல்லாமல், கத்துவதற்கு வெட்கப்பட்டிருக்கலாம்.

"தெரியல," என்றேன்.

"ஓட்டு எடுக்கறப்ப, 'ஆம்'னு அவ்வளவு பேர் சொன்னாங்க பாரு, அப்ப நான் நினைச்சேன், பாவி, இவனைச் சொல்ல விட்டிருக்கணும்னு." மூக்கை உறிஞ்சினாள். "அதை நீ யார்கிட்டயும் சொல்லாதே."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"வேன் ஜெயிச்சுதுன்னு."

"வேற எதுவும் வேணாமா?"

"வேணாம். ஸ்பீக்கர் விஷயம் வேணவே வேணாம்."

"கொலெட், மேரியன் சமையல்கட்டு போன் பக்கத்துல நின்னதை நான் பாத்தேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் என் சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தேன். அம்மாதான். நான் அதை அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"நீ பேசு," என்றாள்.